மனத்தாங்கலுக்கு ஒரு விதி: ஆயர் ஈத்தாமில் ஆடப்பட்ட ஒரு கதைபுனை விளையாட்டு குறித்த திறனாய்வு

முன்னுரை

தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் எழுதப்பட்ட பனுவலையே தன் பொருளாகக் கொண்டுள்ளது. கூத்தும் நாடகமும் மேடையேறுவதால் அதன் பார்வைக்கு உட்படுகின்றன. ஒரு மேசையைச் சுற்றி நால்வர் அமர்ந்து, முன்னர் எழுதப்படாத கதையொன்றைப் பேசிப் பேசியே உருவாக்கும் விளையாட்டு அப்பார்வைக்கு வெளியே நிற்கிறது. அதற்குப் பார்வையாளர் இல்லை. ஆடி முடிந்தபின் பனுவலும் எஞ்சுவதில்லை. எஞ்சுவது விதிநூல் மட்டுமே. அவ்விதிநூலை ஓர் இலக்கண நூலாகக் கொண்டு மதிப்பிடலாம் என்பதும், அதற்குரிய அளவுகோல்கள் தொல்காப்பியப் பொருளதிகாரத்திலேயே உள்ளன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். ஏவரி ஆல்டர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி குவாயட் இயர்' (அமைதியான ஓர் ஆண்டு) என்னும் விளையாட்டு இவண் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. பினாங்கு, ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், பொறியாளர் ஒருவர், கல்லூரி மாணவர் ஒருவர், இக்கட்டுரையாளர் ஆகிய நால்வர் அதனைத் தமிழில் ஆடிய அனுபவம் இதற்கு அடிப்படையாகும்.

விளையாட்டின் பின்புலமும் அமைப்பும்

இவ்வகை விளையாட்டுகளின் மூலம் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆகும். அதில் ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாக அதனுள் நடப்பர். கதையின் மீதான உரிமை ஏன் ஒருவரிடமே குவிய வேண்டும் என்ற வினாவைப் பின்னாளில் பெருநிறுவனங்களைச் சாராத தனிப் படைப்பாளர்கள் எழுப்பினர். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் இவ்வினா வலுப்பெற்று, சிறு பதிப்புகளாகப் பல விளையாட்டுகள் தோன்றின. நம் நாட்டிலும் எழுத்தாளர் செடெக் சியூவும் ஓவியர் முன்காவும் இணைந்து, தென்கிழக்காசிய நிலத்தையும் அதன் தொன்மங்களையும் களமாகக் கொண்ட 'எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்' என்னும் சிறுநூல் வரிசையைப் படைத்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

நாம் எடுத்துக்கொண்ட விளையாட்டில் கதைநடத்துநர் இல்லை. தனிப் பாத்திரங்களும் இல்லை. பேரழிவொன்றுக்குப் பின் எஞ்சிய சிறு சமூகம், தன் பகைவரை விரட்டியபின் பெறும் ஓராண்டு அமைதியே கதைக்களம். 52 சீட்டுகள் 52 வாரங்களைக் குறிக்கும். நான்கு இனங்களும் நான்கு பருவங்களாகும். தன் முறை வரும்பொழுது ஒருவர் சீட்டெடுத்து, அதற்குரிய நிகழ்வைக் கூறுவார். பின்னர் புதியதொன்றைக் கண்டறியலாம், கலந்துரையாடலைத் தொடங்கலாம், அல்லது ஒரு பணியைத் தொடங்கலாம். அனைத்தும் நடுவிலுள்ள தாளில் வரைபடமாக வளரும். ஸ்பேட் இனத்தின் அரசன் சீட்டு வெளிப்பட்டதும் 'உறைபனி மேய்ப்பர்' வருவர், ஆட்டம் முடிவுறும். அவர்கள் யாவர் என்பதை விதிநூல் சொல்வதில்லை.

தமிழர் அறிந்த பரமபதத்திலும் கதை உண்டு. ஆயின் அங்கு ஏணியும் பாம்பும் முன்னரே வரையப்பட்டவை. ஆடுவோர் அக்கதைக்குள் ஏறி இறங்குவோர் மட்டுமே. இங்கோ ஏணியை எங்கே சார்த்துவது என்பதே ஆட்டமாகிறது.

பொழுதும் நிலமும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அவற்றினின்று கருப்பொருளையும் உரிப்பொருளையும் வளர்ப்பது தமிழ்ப் பொருளிலக்கண மரபு. இவ்விளையாட்டும் அவ்வாறே செய்கிறது. நிலத்தைத் தாளில் வரைந்து, பருவத்தைச் சீட்டில் வைத்தபின்னரே மாந்தர் பேசத் தொடங்குகின்றனர். கதைமாந்தர் இயற்பெயர் பெறாமையும் அகமரபோடு ஒப்பிடத்தக்கது.

இடர்ப்பாடு பொழுதில்தான் எழுந்தது. விதிநூலின் ஆண்டு இளவேனிலில் தொடங்கிக் கடுங்குளிரில் முடிகிறது. ஆயர் ஈத்தாமில் கடுங்குளிர் ஏது? கார் முதல் முதுவேனில் ஈறாகத் தொல்காப்பியம் கூறும் ஆறு பெரும்பொழுதுகளைக் கொள்ளலாம் என்றார் ஆசிரியை. அவையும் இத்தீவுக்குப் பொருந்தவில்லை. பாடநூலில் பின்பனிக் காலத்தைப் பல்லாண்டு கற்பித்த அவர், அதனைத் தம் உடலால் அறிந்ததில்லை என்று சிரித்தவாறே ஒப்புக்கொண்டார். இரவல் பருவம் ஒன்று, மரபுவழிப் பருவம் ஒன்று. இரண்டும் நாம் வாழும் நிலத்துக்கு அயலானவை. இறுதியில் ஆண்டின் தொடக்கத்து வறட்சியை முதற்பருவமாகவும், அதன் பிற்பகுதியில் வரும் பெருமழையை இறுதிப் பருவமாகவும் கொண்டோம். 2017 நவம்பர் 4, 5ஆம் நாள்களில் பினாங்கைச் சூழ்ந்த வெள்ளத்தைக் கண்டோர்க்குப் பெருமழையின் அச்சத்தை விளக்க வேண்டியதில்லை. தாளிலும் தானாகவே ஒரு மலைச்சரிவும் அதன்மேல் ஓர் அணைக்கட்டும் தோன்றின. 1962இல் கட்டப்பட்ட ஆயர் ஈத்தாம் அணை எம் மனத்தில் இருந்தது போலும்.

மாணவர் 'மேய்ப்பர்' என்பதை 'ஆயர்' என மொழிபெயர்த்தபொழுது மேசையில் சிறு அமைதி நிலவியது. மலாய்மொழியில் நீரைக் குறிக்கும் இவ்வூர்ப் பெயரின் முற்சொல், தமிழில் முல்லைநில மக்களைக் குறிப்பது. மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர்கள் நிறைந்த குளுகோர், கம்போங் புவா பாலா 2009இல் வீடமைப்புத் திட்டத்திற்காக இடிக்கப்பட்டதை அங்கிருந்த எவரும் மறந்திருக்கவில்லை. அதுவரை 'உறைபனி ஆயர்' வருவோராகவே இருந்தனர். அச்சொல்லுக்குப்பின் அவர்கள் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வருவோராகவும் தோன்றலாயினர். விதிநூல் விட்டுவைத்த வெற்றிடத்தை ஒரு தமிழ்ச்சொல் நிரப்பிற்று எனலாம்.

பேச்சின் விதி

இவ்விளையாட்டின் ஆற்றல் அதன் கலந்துரையாடல் விதியில் உள்ளது. ஒருவர் ஒரு வினாவை எழுப்பினால் ஒவ்வொருவரும் ஒருமுறை மட்டும், ஓரிரு வாக்கியங்களில் கருத்துரைக்கலாம். மறுமொழிக்கு இடமில்லை; வாக்கெடுப்பும் இல்லை; முடிவும் எட்டப்படுவதில்லை. நம் சங்கக் கூட்டங்களிலும் பள்ளிக் கூட்டங்களிலும் அமர்ந்தோர் இவ்விதியின் உண்மையை உடனே உணர்வர். பேசியது போன்ற நிறைவு கிட்டும். பேசப்படாதது அப்படியே இருக்கும்.

இரண்டாம் பருவத்தில் பொறியாளர் மலைச்சரிவில் தடுப்புச்சுவர் எழுப்பும் பணியைத் தொடங்கினார். அச்சரிவில் ஆசிரியை முன்னரே ஒரு சிறு கோயிலை வரைந்திருந்தார். கோயிலை வேறிடத்துக்கு மாற்றலாமா என்பது வினா. மூவர் இசைந்தோம். ஆசிரியை, "மழைக்கு முன் சுவர் வேண்டும்" என்று மட்டும் சொன்னார். பின்னர் நடுவிலிருந்த வில்லைகளுள் ஒன்றை எடுத்துத் தம்முன் வைத்துக்கொண்டார்.

மனத்தாங்கலும் வாயிலும்

தம்மைக் கலந்துகொள்ளாமல் ஒரு செயல் நடந்தது என்றோ, தம் கருத்து மதிக்கப்படவில்லை என்றோ கருதுபவர் ஒரு வில்லையை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஆங்கில விதிநூல் அதற்கு 'இகழ்ச்சி' எனப் பொருள்படும் சொல்லை இட்டுள்ளது. எம் மேசையில் அது 'மனத்தாங்கல்' ஆயிற்று. இகழ்ச்சி பிறரைத் தாழ்த்துவது. மனத்தாங்கலோ பிறர் வந்து கேட்கவேண்டும் என்று காத்திருப்பது. இம்மொழிபெயர்ப்பு விளையாட்டையே மாற்றிவிட்டது. ஆண்டிறுதிக்குள் ஆசிரியையின் முன் மூன்று வில்லைகள் சேர்ந்திருந்தன. "டீச்சர், ஏன் அப்பொழுதே சொல்லவில்லை?" என்று பொறியாளர் கேட்டார். "ஒருமுறைதானே பேசலாம் என்றீர்கள்" என்றார் அவர். சற்றுப் பொறுத்து, தாம் பிறந்த தோட்டத்துக் கோயிலும் இப்படித்தான் எல்லாரும் இசைந்து மாற்றப்பட்டது என்றார். அதனை அவர் இதற்குமுன் எங்களிடம் கூறியதில்லை.

இங்குதான் விதிநூலின் குறை தெளிவாகிறது. மனத்தாங்கலைக் கண்ணுக்குத் தெரியும் பொருளாக்கியது அதன் பெருஞ்சிறப்பு. அதனைத் தணிப்பதற்கோ இரு வழிகளே தந்துள்ளது: தன்னலமாக ஒரு செயலைச் செய்து வில்லையைத் திருப்பிவைக்கலாம், பிறர் செய்ததொன்று மனத்துக்கு உகந்ததாயின் அதனை விட்டுவிடலாம். இடைநின்று கேட்பவர் எவரும் இல்லை. தமிழ் அகமரபு ஊடலைத் தனித்து விடுவதில்லை. தோழி, பாணன், கூத்தர், விருந்தினர் உட்படப் பன்னிருவரைத் தொல்காப்பியம் வாயில்களாக வகுக்கிறது. திருக்குறளும் தன் இறுதி மூன்று அதிகாரங்களைப் புலவிக்கும் ஊடலுக்குமே ஒதுக்கியுள்ளது. சினம் ஓர் உறவின் பகுதியே என்பதும், அதற்கு ஒரு தூது வேண்டும் என்பதும் நம் இலக்கணம் நன்கறிந்த செய்திகள்.

எனவே இரண்டாம் முறை ஆடியபொழுது ஒரு விதியைச் சேர்த்தோம். தன் முறையில் ஒருவர் வேறு செயல் எதுவும் செய்யாது, வாயிலாகச் சென்று, வில்லை வைத்திருப்பவரிடம் ஒரு வினாவைக் கேட்கலாம். அவர் விரும்பினால் வில்லையைத் தரலாம். மாணவர் பால்காரராகச் சென்று ஆசிரியையிடம் கேட்டார். ஆசிரியை காரணத்தை நெடுநேரம் கூறினார், வில்லையைத் தரவில்லை. வாயில் மறுத்தலும் அகமரபில் ஏற்கப்பட்ட ஒரு துறையே என்பது நினைவுகொள்ளத்தக்கது.

முடிவுரை

ஓர் இலக்கணத்தின் சிறப்பு, அது எத்தகைய பேச்சுக்கு இடமளிக்கிறது என்பதைப் பொறுத்தது. அவ்வகையில் 'தி குவாயட் இயர்' அரிய படைப்பு. அடங்கிப்போன கருத்துவேற்றுமையை மேசைமேல் வைக்கும் துணிவு அதற்குண்டு. அதனை அணுகிக் கேட்கும் மரபு அதற்கில்லை. அம்மரபு நம்மிடம் இருந்தும், தேர்வுக்குரிய பட்டியலாக அதனைச் சுருக்கிவிட்டோம். பன்னிரு வாயில்களை வரிசைப்படுத்தி எழுதும் மாணவர் முழு மதிப்பெண் பெறுகிறார். மனத்தாங்கலோடு அமர்ந்திருப்பவரிடம் எவ்வாறு சென்று பேசுவது என்பதை அவர் அறிவதில்லை. தமிழாசிரியர்கள் இவ்விளையாட்டை முழுமையாக வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதன்று இக்கட்டுரையின் வேண்டுகோள். ஒரு தாள், சில வில்லைகள், ஒரு வாயில் ஆகியவற்றை மட்டும் கொண்டு ஒரு பாடவேளையில் ஆடிப் பார்க்கலாம். எழுதப்படாத அக்கதையில் வகுப்பின் கடைசி வரிசை என்ன சொல்கிறது என்பது அப்பொழுது தெரியவரும்.