அண்மையும் அச்சமும்: ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ காட்டும் குடியிருப்பு

தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழர் அனைவரையும் புலம்பெயர்ந்தோர் என ஒருசேரக் கூறுதல் பொருந்தாது. சித்தூர், திருப்பதித் தமிழருள் பலர் பெயர்ந்து சென்றவரல்லர். 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது எல்லையே அவர்களுக்குத் தெற்கே அமைந்தது. நிசாம் ஆட்சிப் பகுதிக்குப் பணியின்பொருட்டுச் சென்ற தமிழரோ பெயர்ந்தவர். அவர்தம் நகர வாழ்வைக் கூறும் அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977), ஐதராபாத் இணைப்பை (1948) ஒட்டிய வரலாற்றுப் புதினமாகவே பெரிதும் வாசிக்கப்படுகிறது. எனினும் அதன் அடித்தளம் குடியிருப்பே எனலாம்.

சந்திரசேகரனின் குடும்பம் வாழும் செகந்திராபாத் லான்சர் பாரக்ஸ் இரயில்வே ஊழியர்க்குரியது. தமிழரும் இசுலாமியரும் ஆங்கிலோ இந்தியரும் அங்கு அண்டை வீட்டார். அவர்களை ஒன்றுசேர்த்தது பணி, விருப்பமன்று. அண்மை பழக்கத்தைத் தருகிறது, பாதுகாப்பைத் தருவதில்லை. பதற்றம் மிகுந்ததும், மொழியால் அயலாரான இக்குடும்பம் சமயத்தால் மட்டுமே அடையாளம் பெறுகிறது.

புதினத்தின் இறுதிக் காட்சி இவ்வகையில் முதன்மையானது. கலவரத்தினூடே ஓடிச் சுவரேறிக் குதிக்கும் சந்திரசேகரன் ஓர் இசுலாமியர் வீட்டினுள் நுழைந்துவிடுகிறான். குடும்பத்தாரைக் காக்க வேண்டி ஓர் இளம்பெண் அவன்முன் ஆடை களைகிறாள். பிறர் அஞ்சும் ஒருவனாகத் தன்னை அங்கே காணும் அவன், நாணி வெளியேறுகிறான். அண்டை வீட்டாரோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தும் பெறாத அறிவை, முன்பின் அறியாத வீட்டில் ஒரு கணத்தில் பெறுகிறான்.

கூடி வாழ்தலே இணக்கத்தை வளர்க்கும் என்னும் பொதுக்கருத்தை இப்புதினம் ஏற்கவில்லை. அயலாரின் அச்சத்திற்குத் தானும் காரணன் என உணர்தலே இணக்கத்தின் தொடக்கம் என்பது இதனால் புலனாகிறது.