வாயிலில் நிற்கும் விருந்தினர்

சீனத் தலைவர் ஷி ஜின்பிங்கின் உரைகளும் எழுத்துகளுமாக 79ஐத் தொகுத்து, ‘சீனாவின் ஆட்சிமுறை’ எனப் பொருள்படும் தலைப்பில் 2014இல் முதல் தொகுதி வெளிவந்தது. பல மொழிகளிலும் பெயர்த்து உலகெங்கும் பரப்பப்பட்ட அந்நூலில் நாம் தேடிப் படித்தது, 2014 மே 4ஆம் நாள் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் மாணவரிடையே அவர் ஆற்றிய உரையை. நாட்டுப்பற்று, முன்னேற்றம், மக்களாட்சி, அறிவியல் ஆகியவையே மே நான்கு இயக்கத்தின் உயிர்ப்பு என்கிறார் தலைவர். பொன்னான சொற்கள்! ஆயினும், பொன்னை உரைத்துப் பார்ப்பதன்றோ திறனாய்வு?

மே நான்கு என்பது எது? 1919இல், ஜெர்மனியிடமிருந்த ஷாண்டோங் உரிமைகளைப் பாரிசில் கூடிய வல்லரசுகள் ஜப்பானுக்குத் தாரைவார்த்தபோது, பெய்ஜிங் மாணவர் பொங்கி எழுந்த நாள் அது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே ‘புதிய இளைஞன்’ ஏட்டில் எழுதினார் சென் துசியு: சீனத்தை இருளினின்று மீட்க வல்லவர் இருவரே, ஒருவர் திருவாளர் மக்களாட்சி, மற்றவர் திருவாளர் அறிவியல். இவ்விருவரையும் வரவேற்பதற்காகக் கன்பூசியத்தையும் பழஞ்சடங்குகளையும் எதிர்க்கத் துணிந்தவர் அவர். 1921இல் தோன்றிய சீனப் பொதுவுடைமைக் கட்சியின் முதல் தலைவரும் அவரே. 1929இல் அக்கட்சி அவரையே வெளியேற்றியது!

அழைக்கப்பட்ட விருந்தினர் இருவரில் அறிவியலார் உள்ளே சென்றார். உயர்ந்த இருக்கையும் பெற்றார். 2019இல் நிலவின் மறுபக்கத்தில் கலம் இறக்கிய முதல் நாடு சீனம். அதிவிரைவு இருப்புப்பாதை 40,000 கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் கொடிய வறுமையினின்று மீண்டனர் என்கிறது உலக வங்கி. இவற்றை மறுப்பது பகுத்தறிவாகாது.

மற்றவர் எங்கே? வாயிலிலேயே நிற்கிறார்! 2018இல், ஒருவர் இருமுறைக்கு மேல் குடியரசுத் தலைவராதல் ஆகாதென்ற வரம்பை நீக்கியது சீன மக்கள் பேரவை. ஆதரவு 2,958, எதிர்ப்பு 2. கருத்து வேற்றுமைக்குக் கிடைத்த இடம் அவ்வளவே. அரசியல் சீர்திருத்தம் கோரும் அறிக்கையில் பங்கேற்ற இலக்கியத் திறனாய்வாளர் லியூ சியாபோவுக்கு 2009இல் 11 ஆண்டுச் சிறை. 2010இல் நோபல் அமைதிப் பரிசு. ஆஸ்லோ மேடையில் அவருக்கென இடப்பட்ட நாற்காலி வெறுமையாய் இருந்தது. காவலிலிருந்து விடுபடாமலே 2017இல் மறைந்தார்.

ஒருவரை வெளியே நிறுத்தினால் மற்றவரேனும் நலமாய் வாழ்வாரா? 2019 டிசம்பரில் புதுவகை நோய் குறித்து உடன் பயின்ற மருத்துவர்களை எச்சரித்தார், வூகான் கண் மருத்துவர் லீ வென்லியாங். பொய் பரப்பினார் என்று காவல்துறை அவரிடம் கையொப்பம் பெற்றது. 2020 பிப்ரவரியில் அந்நோய்க்கே அவர் பலியானார். மார்ச்சில் கண்டனத்தைத் திரும்பப் பெற்று வருத்தம் தெரிவித்தனர். மாண்டவர் மீள்வாரோ? வினா எழுப்பும் மாணவனை வெளியேற்றிவிட்டு, வகுப்பு அமைதியாயிருக்கிறது என மகிழும் ஆசிரியரை நாம் என்னென்போம்?

வீட்டில் வினாவை வெறுப்பவர் வெளியிலும் வெறுப்பார். நோபல் பரிசுக்குப் பின் 2016 வரை நார்வேயுடன் உறவு உறைந்து கிடந்தது. நோயின் தோற்றம்பற்றித் தன்னுரிமையுடைய விசாரணை வேண்டுமென ஆஸ்திரேலியா 2020 ஏப்ரலில் கேட்டது. மே மாதம் அந்நாட்டு வாற்கோதுமைமீது 80 விழுக்காட்டுக்கும் மேல் வரி விழுந்தது! அடக்கவிலைக்குக் குறைத்து விற்றனர் என்பதே அறிவிக்கப்பட்ட காரணம். நாட்களின் நெருக்கமோ வேறு கதை பேசுகிறது. 2023இல் அவ்வரி நீங்கியது.

“அபினி விற்கப் போர் தொடுத்த மேலை நாட்டாரா சீனத்துக்கு அறம் உரைப்பது?” எனக் கேட்கலாம். முறையான கேள்வி! 1842இல் நான்கிங் உடன்படிக்கையைத் திணித்தவர்க்கு அத்தகுதி இல்லைதான். ஆனால் மக்களாட்சியாரை அழைத்தவர் மேலை நாட்டார் அல்லர், சீனத்து இளைஞர். அவர்கள் விடுத்த அழைப்பு இன்றும் செல்லுபடியாகும்.

ஆகவே இளைஞர்காள், இந்நூலை ஒதுக்காதீர். அந்த மே நான்கு உரையைக் கட்டாயம் படியுங்கள். மக்களாட்சி என்ற சொல் வரும்போது மட்டும் சற்றே நிறுத்தி, வாயிற்பக்கம் திரும்பிப் பாருங்கள். நூறாண்டுக்கு மேலாக ஒருவர் அங்கே காத்து நிற்கிறார்.