பட்டன் இல்லாத ரீல்

வேலை கேட்டு என் மேசைக்கு வரும் ஷோரீல்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்கும். கறுப்புத் திரையில் பெயர், அடியில் மின்னஞ்சல் முகவரி. அடுத்த நொடி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதே பொம்மை, அதே சாம்பல் தரையில் வாளைச் சுழற்றும். பின்னணியில் டிரம்ஸ் அதிரும். நாங்கள் முதலில் செய்வது சத்தத்தை அணைப்பது. பெங்களூரில் ஒரு கேம் ஸ்டூடியோவில் அனிமேஷன் பிரிவுக்கு ஆள் எடுக்கும் நாலைந்து பேரில் நானும் ஒருவன். மூன்று வருடப் படிப்பை ஒன்றரை நிமிடமாகச் சுருக்கி அனுப்புகிறார்கள். நாங்கள் அதற்குத் தருவது அரை நிமிடம். முதல் ஷாட்டிலேயே கால் தரையில் வழுக்கினால் அதுவும் கிடையாது.

இதைக் கொடுமை என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் நானே அந்த வாசல் வழியாக உள்ளே வந்தவன். நான் பொறியியல் படித்த கல்லூரிக்கு வந்த கம்பெனிகள் பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றிலும் 60 சதவீதம் கேட்டன. அரியர் இருக்கவே கூடாது என்றன. எனக்கு நான்கு அரியர். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசினால் வியர்க்கும். என் ரீலைப் பார்த்தவர்கள் மார்க் ஷீட்டைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, அப்பா என்ன செய்கிறார் என்றும் கேட்கவில்லை. ஒரு கிழவர் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றும் ஷாட் அதில் இருந்தது. அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் வேலை தேடுகிறவனைப் பற்றி இவ்வளவு குறைவாகக் கேட்கும் துறை வேறு எது?

அசைவில் பொய் சொல்வது கடினம். மூட்டையைத் தூக்குகிறவரின் இடுப்பு, எடை இறங்கும் காலின் பக்கம் சாய வேண்டும். சாயவில்லை என்றால் மூட்டைக்குள் பஞ்சு இருப்பதாகத்தான் கண்ணுக்குப் படும். ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்க்கும்போது, முழங்கை போகும் பாதை வளைவாக இல்லாமல் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்பது தெரியும். இன்டர்வியூவில் சாமர்த்தியமாகப் பேசி அதை மறைக்க வழியில்லை. வேறு வகைத் திருட்டுகள் உண்டு. ரெடிமேடாகக் கிடைக்கும் அசைவை எடுத்து மேலே கொஞ்சம் பூசி அனுப்புவார்கள். அப்படி அசைவுகள் தரும் மிக்ஸாமோ தளத்தின் ஓட்டத்தையும் உதையையும் முதல் பிட்டைக் கேட்டதும் பாட்டைச் சொல்வதுபோல நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். நாலு பேர் சேர்ந்து செய்த கல்லூரி புராஜெக்டை நாலு பேரும் தனித்தனியாகத் தன் வேலை என்று அனுப்பும்போதுதான் கொஞ்சம் திணறுவோம்.

ஆக, ரீல் நேர்மையான பரீட்சை. என் குறையெல்லாம், அது வேறொரு பாடத்துக்கான பரீட்சை என்பதுதான்.

ரீல் என்பது சினிமா. கேமரா எங்கே நிற்க வேண்டும் என்று அனிமேட்டர் தீர்மானிக்கிறார், அசைவு எப்போது தொடங்கி எங்கே முடியும் என்பதும் அவர் கையில். விளையாட்டில் இதில் எதுவும் அவர் கையில் இல்லை. பட்டனை அழுத்துகிறவர் கையில் இருக்கிறது. ஓட்டத்தின் நடுவில் அவர் திரும்பலாம், குதிக்கலாம், சுவரில் போய் மோதலாம், சும்மா நின்று தேநீர் குடிக்கப் போய்விடலாம். இத்தனைக்கும் தனித்தனித் துண்டுகள் செய்து, எந்தத் துண்டிலிருந்து எந்தத் துண்டுக்குப் போனாலும் ஒட்டு தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் அன்றாட வேலை. கதாநாயகனுக்குப் பின்னால் கேமரா வரும் விளையாட்டுகளில், ஆடுகிறவர் பல மணி நேரம் பார்ப்பது அவன் முதுகை. நான் பார்த்த ரீல்களில் முதுகைக் காட்டியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

இந்த இழுபறி துறையின் தொடக்க காலத்திலிருந்தே உண்டு. ஜோர்டான் மெக்னர் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் தன் தம்பி டேவிட்டை ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அதை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்து வரைந்து, 1989இல் ஆப்பிள் 2 கணினிக்கு ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார். கட்டம் கட்டமாகத் தாவிய பொம்மைகளுக்கு நடுவே ஒரு மனிதன் மூச்சு வாங்க ஓடியதுபோல இருந்தது. ஆனால் அந்த இளவரசன் நிஜ மனிதன் என்பதால் ஓட்டத்தைப் பிடிக்க ஓரிரு அடி ஆகும்; நிற்கவும் வழுக்கிக்கொண்டேதான் நிற்பான். பட்டனை அழுத்திய நொடிக்கும் அவன் உடம்பு கேட்கும் நொடிக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. பள்ளத்தின் விளிம்பில் அந்த இடைவெளியில்தான் உயிர் போகும். 1985இல் வந்த மரியோ விளையாட்டில் பட்டனும் பாய்ச்சலும் ஒன்றாகவே நடக்கும். பார்க்க அது பொம்மைதான். மெக்னர் அனுப்பியிருந்தால் அவர் ரீலை எந்த ஸ்டூடியோவும் எடுத்திருக்கும். மரியோ தாவுவதை வெறும் ரீலாகப் பார்த்தால் நானே தள்ளியிருப்பேன். இந்த ஒன்றே போதும், எங்கள் அளவுகோலில் என்ன கோளாறு என்று சொல்ல.

இன்னும் கிட்டப் போய்ச் சொல்கிறேன். டிஸ்னியின் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய புத்தகத்தில் அனிமேஷனின் பன்னிரண்டு விதிகளைத் தொகுத்தார்கள். அதில் ஒன்று, அடிக்கு முன் கை ஓங்க வேண்டும் என்பது. கல்லூரியில் இது வேதவாக்கு. நொடிக்கு 30 ஃப்ரேம் என்று வைத்துக்கொண்டால், மாணவர் ஓங்கலுக்குப் பன்னிரண்டு ஃப்ரேம் கொடுப்பார். அதாவது 0.4 வினாடி. ரீலில் அழகாக இருக்கும். விளையாட்டில் போட்டால், ‘அழுத்தினேன், அடிக்கவே இல்லை’ என்று ஆடுகிறவர் கன்ட்ரோலரை வீசுவார். அதனால் நாயகனின் ஓங்கலை இரண்டு மூன்று ஃப்ரேமாக வெட்டிவிட்டு, வாளின் கனத்தை அடி விழுந்த பிறகு, உடம்பு நிமிர எடுத்துக்கொள்ளும் நேரத்தில் காட்டுகிறோம். எதிரிக்கோ தலைகீழ். அவன் ஓங்கலை நீட்டி நீட்டி வைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆடுகிறவர் விலக முடியும். 2011இல் வந்த ‘டார்க் சோல்ஸ்’ ஆடியவர்களுக்குத் தெரியும், தூக்கிய கோடரி எவ்வளவு நேரம் தலைக்கு மேலேயே நிற்கும் என்று. ஒரே விதி, யாருடைய கை என்பதைப் பொறுத்துத் திரும்பிவிடுகிறது. ரீலில் பட்டன் இல்லாததால் இந்த வித்தியாசத்தைக் காட்ட இடமே இல்லை.

பயிற்சி நிலையங்களும் வேலைக்கு அல்ல, ரீலுக்குத்தான் சொல்லித் தருகின்றன. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், ரீலைக் கேட்பது நாங்கள்.

அடுத்தது யார் காசு என்ற கேள்வி. படிப்பு முடிந்ததும் ரீலை மெருகேற்ற ஆறேழு மாதம் வீட்டில் உட்கார வேண்டும் என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். உட்கார வைத்துச் சோறு போட ஒரு வீடு வேண்டும், கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் வேண்டும், ‘பையன் என்ன பண்றான்?’ என்று கேட்கும் உறவினருக்குப் பதில் சொல்லும் பெற்றோர் வேண்டும். மார்க்கைக் கேட்காத வாசல் வேறு வழியில் வசதியைக் கேட்டுவிடுகிறது. ரீல் பிடித்துவிட்டால் அதற்கு மேல் ‘டெஸ்ட்’ என்று ஒன்று: ஒரு வாரம், சில இடங்களில் இரண்டு வாரம், சம்பளம் இல்லாமல் ஒரு பாத்திரத்துக்கு அசைவு செய்து அனுப்ப வேண்டும். பலருக்குப் பதில்கூட வராது.

உள்ளே போனவர்கள் கதையும் விசித்திரமானது. 1997இல் துருவா இன்டராக்டிவ் என்ற கேம் ஸ்டூடியோ பெங்களூரில் தொடங்கிய நாளிலிருந்து, இந்தியாவில் கேம் வேலை என்றால் பெரும்பாலும் வெளிநாட்டு விளையாட்டுகளுக்குப் பாகம் செய்து கொடுப்பதுதான். ரகசிய ஒப்பந்தம் போட்டுத்தான் வேலை. விளையாட்டு வெளிவரும்வரை செய்ததை யாருக்கும் காட்டக் கூடாது. அது மூன்று வருடம் ஆகலாம், திட்டமே கைவிடப்படலாம். வெளிவந்தாலும் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் வெறும் கம்பெனி பெயரோடு முடிந்துவிடுவது உண்டு. நாலு வருட அனுபவத்தோடு வேறு வேலை தேடும் ஒருவர், கல்லூரியில் செய்த பழைய வாள் சண்டையைத் தூசி தட்டி அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டு மூன்று வருடங்களில் வரிசையும் நீண்டுவிட்டது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை வேலையை விட்டு அனுப்பியது. அடுத்த மாதம் பிளேஸ்டேஷனில் 900 பேர். 2025 பிப்ரவரியில் விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனமான டெக்னிகலர் கவிழ்ந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். புதிதாகப் பட்டம் வாங்கியவரின் ரீலும் பத்து வருட அனுபவசாலியின் ரீலும் இன்று எனக்கு ஒரே ஃபோல்டரில் வருகின்றன. முன்பெல்லாம் மோஷன் கேப்சர் கிளீன்-அப், அதாவது நடிகரின் உடம்பிலிருந்து பதிவான அசைவில் நடுக்கத்தையும் வழுக்கலையும் துடைக்கும் வேலை, புதியவர்களுக்கென்றே இருந்தது. அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் எடை எப்படி மாறுகிறது என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான். அந்தப் படிக்கட்டை இப்போது மென்பொருள் மெல்ல மெல்லத் தின்கிறது.

ரீலுக்குப் பதிலாக, அன்ரியல், யூனிட்டி போன்ற கேம் என்ஜினில் ஓடும் ஒரு சிறு விளையாட்டையே கேட்கலாமே என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். எனக்கு ஆசைதான். ஆனால் அசைவைச் செய்ததோடு அதை ஓட வைக்கும் நிரலையும் எழுது என்று சொல்வது, ஆறு மாதச் சோற்றை ஒன்பது மாதமாக்குவது. பட்டத்தையும் மார்க்கையும் திரும்பக் கொண்டுவருவது அதைவிட மோசம். அரியர் வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். என் யோசனை சின்னது: இருபது நொடி அசைவு போதும், மெருகு வேண்டாம். எந்த நொடியில் எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது என்று ஓரத்தில் காட்டினால் போதும். டெஸ்ட் வேண்டுமென்றால் இரண்டு நாள், கூலியோடு.

போன மாதம் தேனிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அனுப்பிய ரீலில், கேட்காமலேயே அது இருந்தது. வாள் இல்லை, டிரம்ஸ் இல்லை, ஒரு சேவல். பின்னால் இருந்துதான் கேமரா. கீழ் மூலையில் நான்கு பட்டன்கள், அழுத்தும்போது மஞ்சளாக மின்னின. மஞ்சள் மின்னிய அடுத்த ஃப்ரேமிலேயே சேவல் கிளம்பிவிட்டது. சிறகை உதறியதெல்லாம் தரையில் இறங்கிய பிறகு. கால் ஓரிடத்தில் வழுக்கத்தான் செய்தது. லைட்டிங் சுமார் என்றார் ஒருவர். அரை மணி நேரம் விவாதித்து, வழக்கம்போல இரண்டு வார டெஸ்ட் அனுப்புவது என்று முடிவாயிற்று. அன்று மாலையே அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு வரிப் பதில்: ‘சார், இந்த டெஸ்ட்டுக்குப் பணம் உண்டா?’ அதை அப்படியே எச்.ஆருக்குத் தள்ளிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.