கறுப்பில் விழுந்த முடிச்சு

பாளையங்கோட்டையின் பள்ளிச் சதுரங்கப் போட்டிகளிலும் கறுப்புக் காய் என்றதும் முகம் சுருங்கும் பிள்ளைகள் உண்டு. காரணம் இருக்கிறது. பெரிய போட்டிகளின் கணக்கில் வெள்ளைக்கு 54, 55 சதவீதப் புள்ளிகள் சேர்கின்றன.

2022 பிப்ரவரியில் ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் இணையவழிப் போட்டி. வெள்ளையில் உலக சாம்பியன் கார்ல்சன், கிளாசிக்கல் தரப்புள்ளி 2865. கறுப்பில் சென்னைப் பையன் பிரக்ஞானந்தா, வயது 16, புள்ளி 2612. இந்த இடைவெளிக்கு ஈலோ சூத்திரம் சின்னவருக்குத் தருவது ஆட்டத்துக்கு 0.19 புள்ளிதான், அதிலும் டிராக்களின் பங்கு உண்டு.

அவர் எடுத்தது டாராஷ் தற்காப்பு. கறுப்பு சீக்கிரமே சி5-க்குச் சிப்பாயைத் தள்ளி மையத்தோடு மோதும். பெரும்பாலும் டி5 சிப்பாய் துணையின்றித் தனித்து நிற்கும். பதிலுக்கு மந்திரிகளுக்கு வழி திறக்கும். ஒடுங்கிக் காப்பவர்களுக்கு ஒத்துவராது. வம்புக்கு நிற்பவர்களுக்குத்தான் இது!

ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல். கார்ல்சன் சறுக்கினார், உண்மைதான். ஆனால் சறுக்கியவரை எழவிடாமல் முடிப்பதும் ஒரு கைத்திறன். 39-ஆவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

இந்தியாவில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. வென்ற பையன் தூங்கப் போவதாகச் சொன்னார்.