ஒன்றேகாலா, ஒன்றரையா?

1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப் காரின் ரசிகர்களுக்கு முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்ற பிரிவு போதவில்லை. இடையில் ‘ஒன்றேகால்’, ‘ஒன்றரை’ என்று அவர்களே பெயர் சூட்டினார்கள்.

1967இல் முகப்பு விளக்குகளை மூடியிருந்த கண்ணாடி போனது; மற்றவை பெரும்பாலும் பழையபடியே. அது ஒன்றேகால். அடுத்து டேஷ்போர்டில் நீட்டிக்கொண்டிருந்த சுவிட்சுகள் தட்டையாயின. அமெரிக்கா போன கார்களில் மூன்று எஸ்.யு. கார்புரேட்டர்களுக்குப் பதில் இரண்டு ஸ்ட்ரோம்பர்க். அது ஒன்றரை. மாற்றங்கள் ஒரே நாளில் வராததால், எல்லைக்கோட்டு வண்டிகளைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

பெயர்களிலேயே அழகானது ‘ஃபிளாட் ஃப்ளோர்’தான். தொடக்கக் கார்களின் தரை தட்டை; உயரமானவர்களுக்குக் கால் நீட்ட இடமில்லை. 1962இல் அங்கே பள்ளம் வைத்தார்கள். தட்டைத் தரைக் கார்களிலும் முதல் 500 வரை பானெட் பூட்டு வெளியே இருக்கும். தனிச்சாவி போட்டுத் திருகித்தான் திறக்க வேண்டும். சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பது இவற்றுக்குத்தான்.