நானூறு டாலர், எண்ணூறு டாலர்: எந்த இடத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள்?

விலை குறைந்த ரைஃபிள் குறி தவறும் என்பது பழைய கணக்கு. இன்று 400 டாலரை ஒட்டிக் கிடைக்கும் ஓர் அமெரிக்க போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளும், இருமடங்கு விலையுள்ள ஃபின்லாந்து ரைஃபிளும் நூறு கஜத்தில் காகிதத்தைத் துளைத்தால், துளைகளை மட்டும் பார்த்து எது எதனுடையது என்று சொல்வது கடினம். கையில் எடுத்து போல்ட்டை ஒருமுறை பின்னுக்கு இழுத்தாலோ, சந்தேகமே இருக்காது. விலை வித்தியாசம் குழலில் இல்லை. குழலைச் சுற்றியிருக்கும் மற்றவற்றில் இருக்கிறது.

ஆகவே இந்த ஒப்பீட்டில் "எது துல்லியம்?" என்ற கேள்விக்கு இரண்டாம் இடம்தான். எந்தத் தொழிற்சாலை எதில் கைவைத்து விலையைக் குறைத்தது, அந்தக் குறையைப் பின்னாளில் நாமே சரிசெய்துகொள்ள முடியுமா என்பதே முதல் கேள்வி.

களத்தில் நான்கு

உள்நாட்டுப் பக்கம் இரண்டு: சேவேஜ் ஆக்சிஸ் 2, ரூகர் அமெரிக்கன் முதல் தலைமுறை. இறக்குமதிப் பக்கம் இரண்டு: ஜப்பானின் ஹோவா 1500, ஃபின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் லைட். ஸ்கோப் இல்லாமல் ஆக்சிஸ் ஏறக்குறைய 400 டாலர், ரூகர் 500, ஹோவா 600, டிக்கா 800 என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்குக் கடை, பருவத்துக்குப் பருவம் இது மாறும். நான்கும் .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கானவை. நான்கிலும் மரம் இல்லை, செயற்கை ஸ்டாக்தான். ஒரே ரக ஸ்கோப்பைப் பொருத்தி, ஒரே வகைத் தோட்டாவைக் கொண்டு பென்சில்வேனியாவில் ஒரு சுடுதளத்தில் சுட்டுப் பார்த்தேன்.

பென்சில்வேனியா இந்த வகை ரைஃபிளுக்குப் பொருத்தமான இடம். மான், கரடி போன்ற பெருவிலங்கு வேட்டைக்கு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை அங்கே அனுமதிப்பதில்லை. அதனால் நவம்பர் கடைசியில் மான் பருவம் திறக்கும்போது, ஆரஞ்சு நிற மேலாடை அணிந்து காட்டுக்குள் நடப்பவர்கள் பலரின் தோளில் போல்ட் ஆக்‌ஷனைத்தான் பார்க்கலாம்.

குழல்: எல்லோரும் பாஸ்

நான்குமே நூறு கஜத்தில் மூன்று தோட்டாக்களை ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் போட்டன. டிக்காவும் ஹோவாவும் ஓர் அங்குலத்தை ஒட்டி நின்றன. ரூகரும் அதிலிருந்து அதிகம் விலகவில்லை. நூறு கஜத்தில் ஓர் அங்குலம் என்பதைத்தான் சுடுபவர்கள் ஏறத்தாழ 'ஒரு எம்ஓஏ' என்கிறார்கள். ஒன்றரை எம்ஓஏ ரைஃபிள் இருநூறு கஜத்தில் மூன்று அங்குல வட்டத்தில் சுடும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் எட்டு அங்குல அகலம். பிழை நேர்ந்தால் அது பெரும்பாலும் சுடுபவருடையதாகவே இருக்கும்.

குறைந்த விலையில் இது எப்படிச் சாத்தியம்? பதிலின் ஒரு பாதி, குழலின் அடியில் தெரியும் வளையம் போன்ற நட்டு. தோட்டாவின் அடிப்பகுதிக்கும் போல்ட்டின் முகப்புக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளியைத் துல்லியமாக அமைக்க, அந்தக் காலத்தில் கைதேர்ந்த ஒருவர் ஒவ்வொரு குழலையும் தனித்தனியாகப் பொருத்த வேண்டியிருந்தது. சேவேஜ் 1958-இல் கொண்டுவந்த 110 மாடலில், அளவுமானியில் முட்டும்வரை குழலைத் திருகி நட்டால் பூட்டிவிடுகிறார்கள். அந்த உத்தியைத்தான் ஆக்சிஸும் பின்பற்றுகிறது. ரூகர் அமெரிக்கனும் அதே வழியில் போகிறது.

மறுபாதி, குழலுக்குள் சுழல்கோடுகளை உருவாக்கும் விதம். ரூகரும் டிக்காவும் குளிர்நிலையில் சம்மட்டியடிக்கும் எந்திரத்தைப் பயன்படுத்துகின்றன. சுழல்கோட்டின் எதிர்ப்பதிவு கொண்ட கம்பியை உள்ளே விட்டு, குழலை வெளியிலிருந்து அடித்தே வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். எந்திரத்தின் விலை பெரிது. ஆனால் ஒருமுறை வாங்கிவிட்டால் குழல்கள் ஒன்றுபோல வந்துகொண்டே இருக்கும்.

போல்ட்: காசு பேசும் இடம்

டிக்காவின் போல்ட்டை ஒரு விரலால் தள்ளினாலே முன்னே போகிறது. உரசல் இல்லை, ஆட்டம் இல்லை. தோளிலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்ற முடிகிறது. ஹோவா இதற்கு அடுத்தபடி. போல்ட் ஓடும் கூடான ரிசீவர், ஒரே துண்டு எஃகை அடித்து உருவாக்கியது. கனமாக, நிதானமாக ஓடுகிறது. இந்த நிறுவனம் 1907-இல் டொயோடா சகிச்சியின் தறி எந்திர ஆலையாகத் தொடங்கியது. இன்று ஜப்பான் தற்காப்புப் படைக்கு ரைஃபிள் செய்து தருகிறது. அந்தப் படைக்கலத் தன்மை 1500-இலும் தெரிகிறது: அழகைவிட உறுதி முன்னே நிற்கிறது.

ரூகரின் போல்ட்டில் மூன்று பூட்டுப் பற்கள். அதனால் கைப்பிடியை 70 பாகைதான் தூக்க வேண்டும். ஸ்கோப்பின் கண்ணருகே விரல் இடிக்காது. ஆனால் குறைந்த தூரத்தில் அதே வேலையை முடிக்க வேண்டியிருப்பதால், தூக்கும்போது கை சற்று அழுத்தம் கொடுக்க வேண்டும். டிக்காவிலும் தூக்கல் 70 பாகையே. இரண்டே பற்களை வைத்துக்கொண்டு, அழுத்தம் தெரியாமல் அதைச் சாதித்திருக்கிறார்கள். ஆக்சிஸும் ஹோவாவும் வழக்கமான 90 பாகை.

நான்கில் ஆக்சிஸின் ஓட்டம்தான் கரடுமுரடு. தேய்மானத்தில் கொஞ்சம் வழவழப்பாகும், டிக்கா ஆகிவிடாது. ஸ்டாக்கை மாற்றலாம், ட்ரிகரை மாற்றலாம். ரிசீவரின் உட்புறத்தை வீட்டில் உட்கார்ந்து மாற்ற முடியாது. மலிவு ரைஃபிளின் விலைக்குறைப்பில் நிரந்தரமாக நம்மோடு தங்குவது இது ஒன்றே.

ட்ரிகரும் சேஃப்டியும்

இங்கே அமெரிக்கர்கள் தலைநிமிரலாம். சேவேஜ் 2000-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த 'அக்யுட்ரிகர்' இந்தச் சந்தையையே மாற்றியது. ட்ரிகரின் நடுவே மெல்லிய அலகு ஒன்று இருக்கும். விரல் அதை அழுத்தினால் ஒழிய ரைஃபிள் வெடிக்காது. கீழே விழுந்தாலும் அதிர்ந்தாலும் அது தடுத்துக்கொள்ளும். அந்தப் பாதுகாப்பு இருப்பதால் இழுவிசையைத் துணிந்து குறைக்க முடிந்தது. ரூகரும் அதே வகை அலகைத்தான் வைத்திருக்கிறது. 3 முதல் 5 பவுண்டு வரை இழுவிசையை நாமே மாற்றிக்கொள்ளலாம். பழைய சாதாரண ஆக்சிஸில் அக்யுட்ரிகர் கிடையாது. பழைய ரைஃபிள் வாங்குகிறவர்கள் '2' என்ற எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

டிக்காவின் ட்ரிகரில் அலகு இல்லை. 2 முதல் 4 பவுண்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சட்டென்று விடுபடுகிறது. ஹோவாவில் இரண்டு கட்டம்: முதலில் இலேசாக நகர்ந்து ஒரு சுவரில் நிற்கும், பிறகு விடும். வேட்டையில் கையுறை போட்ட விரலுக்கு இந்தச் சுவர் நல்ல எச்சரிக்கை.

சேஃப்டியில் எனக்குப் பிடித்தது ஹோவா. மூன்று நிலைகள், நடு நிலையில் ட்ரிகர் பூட்டியிருக்கும்போதே போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்கலாம். டிக்காவில் சேஃப்டி போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். புதர்களுக்குள் நடக்கும்போது போல்ட் தானாகத் திறக்காது என்பது லாபம். தோட்டாவை எடுக்கச் சேஃப்டியை விடுவித்தாக வேண்டும் என்பது நஷ்டம். ரூகரில் கட்டைவிரல் பக்கத்திலேயே சேஃப்டி; போட்டிருக்கும்போதும் போல்ட் திறக்கும். 2023 கடைசியில் வந்த இரண்டாம் தலைமுறையில் ரூகரும் மூன்று நிலைக்கு மாறிவிட்டது. கூடவே கன்னம் வைக்கும் பகுதியை உயர்த்தும் வசதியும் வந்தது. அறிமுகப் பட்டியல் விலையும் 729 டாலருக்கு ஏறியது. அந்த விலையில் டிக்காவின் நிழல் படத் தொடங்குகிறது.

ஸ்டாக்: மிச்சம் பிடித்த இடம்

மலிவு அமெரிக்க ரைஃபிள்களைப் பற்றி நீண்டகாலமாகச் சொல்லப்படும் குறை, ஸ்டாக்கின் முன்பகுதி நெளியும் என்பது. தோள்வாரை இறுக்கிச் சுடும்போதோ, இருகால் தாங்கியில் சாய்க்கும்போதோ அது குழலைத் தொடலாம். தொட்டால் குண்டு போய் விழும் இடம் மாறும். மணல்பையை ரிசீவருக்கு அருகில் வைத்துச் சுடுவது இதற்கு எளிய மாற்று. ரூகர் இந்தப் பலவீனத்தைத் தெரிந்தே வடிவமைத்திருக்கிறது: ஸ்டாக்குக்குள் பதித்த இரண்டு ஆங்கில 'வி' வடிவ எஃகுத் துண்டுகள் ரிசீவரைப் பிடித்துக்கொள்கின்றன. முன்பகுதி நெளிந்தாலும் ரிசீவர் அசையாது.

இறக்குமதி என்பதற்காக மற்ற இரண்டும் தப்பிவிடவில்லை. ஹோவாவில் வரும் ஹோக் நிறுவனத்தின் ரப்பர் போர்த்திய ஸ்டாக், மழையில் வழுக்காமல் பிடிபடும். ஆனால் முன்பகுதி மெத்தென்றுதான் இருக்கும். டிக்காவின் ஸ்டாக்கும் பிளாஸ்டிக்தான், ட்ரிகர் காப்பு வளையமும் மேகசினும் கூட. டிக்காவில் இன்னொரு சிக்கனமும் உண்டு: எல்லாத் தோட்டாக்களுக்கும் ஒரே நீள ரிசீவர். சிறிய .308-க்கு என்று தனியாகக் குட்டையான ஒன்று செய்வதில்லை. 2016-இல் டி3 என்பது டி3எக்ஸ் ஆனபோது, அலுமினியமாக இருந்த உதைதாங்கித் துண்டை எஃகாக்கினார்கள், தோட்டாக்கூடு வெளியேறும் வாயையும் பெரிதாக்கினார்கள்.

எடையும் மேகசினும்

டிக்கா லைட், ரூகர், ஆக்சிஸ் மூன்றும் ஆறரைப் பவுண்டைச் சுற்றியே. ஹோவா அவற்றைவிட சுமார் ஒரு பவுண்டு கூடுதல். மலையேறினால் அந்தப் பவுண்டு உறுத்தும், மேசையில் சுட்டால் அதுவே தோளைக் காக்கும். .308-இன் உதை, இலேசான டிக்காவில்தான் எனக்குக் கூர்மையாகப் பட்டது.

மூன்றில் மேகசின் கழற்றக்கூடியது. ஹோவாவில் அடித்தட்டைத் திறந்து தோட்டாக்களைக் கொட்டும் பழைய முறை; வீட்டில் மறந்து வைத்துவிட்டு வர வழியே இல்லை. டிக்காவுக்கு உபரி மேகசின் வாங்கும்போது விலையைப் பார்த்து ஒருகணம் யோசிப்பீர்கள்.

உள்நாடு என்றால் எது?

இறக்குமதி ரைஃபிளில் இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் பொறிக்கப்பட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். டிக்காவில் பெரெட்டா யுஎஸ்ஏ, மேரிலாந்து என்று இருக்கும். டிக்காவைச் செய்யும் சாக்கோ ஆலை 2000 முதல் இத்தாலியப் பெரெட்டா குழுமத்துக்குச் சொந்தம். இன்னொரு பக்கம், வயோமிங்கிலிருந்து இயங்கும் அமெரிக்க நிறுவனமான வெதர்பியின் வேன்கார்டு ரைஃபிளுக்குள் இருப்பது ஹோவாவின் ரிசீவரும் குழலும். கொடியைப் பார்த்து வாங்குபவர் அடியில் பொறித்ததையும் படிப்பது நல்லது.

வரியிலும் ஒரு சமத்துவம் உண்டு. 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதக் கூட்டாட்சி வரி. உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ கட்டுவார். அந்தப் பணம் மாநிலங்களின் வனவுயிர்ப் பராமரிப்புக்குப் போகிறது. இறக்குமதிக்குச் சுங்கவரி தனி. அது மாறும்போதெல்லாம் ஹோவா, டிக்கா விலைகளும் நகரும்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்கு ஒரு விலக்கு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் வேறு. கடைக்குப் போகுமுன் பார்த்துவிடுங்கள்.

எதை வாங்கலாம்?

ஆக்சிஸ் 2: வருடத்தில் ஒருவாரம் மட்டும் காட்டுக்குப் போகிறவருக்கு. ஸ்கோப்போடு வரும் தொகுப்பைத் தவிர்த்து, ஸ்கோப்பைத் தனியாக வாங்குங்கள்.

ரூகர் அமெரிக்கன்: முதல் ரைஃபிள் வாங்குகிறவருக்கு. விலைக்கு இவ்வளவு யோசித்துச் செய்த ரைஃபிள் வேறு இல்லை. முதல் தலைமுறை தள்ளுபடியில் கிடைத்தால் விடாதீர்கள்.

டிக்கா டி3எக்ஸ்: நிறைய நடப்பவருக்கு, அடிக்கடி சுடுபவருக்கு. கூடுதல் பணம் போல்ட்டில் தெரிகிறது. விற்றாலும் விலை பெரிதாக இறங்காது.

ஹோவா 1500: ஓரிடத்தில் உட்கார்ந்து காத்திருந்து சுடுபவருக்கு, உதைக்கு அஞ்சுபவருக்கு.

என் காசில் ஒன்றை வாங்குவதென்றால் ஹோவாதான். டிக்கா அதைவிட நல்ல ரைஃபிள், மறுக்கவில்லை. ஆனால் ஹோவா மிச்சம் பிடித்த இடம் ஸ்டாக், அதை நாளைக்கே மாற்றிவிடலாம். மாற்ற முடியாத எஃகில் சிக்கனம் செய்யவில்லை. டிக்காவுக்கும் அதற்கும் நடுவே மிஞ்சும் 200 டாலர், வேட்டைத் தோட்டா நாலைந்து பெட்டியாகும். அதைச் சுடுதளத்தில் செலவழித்தால், இந்த நான்கு ரைஃபிள்களுக்கும் இடையே உள்ள துல்லிய வித்தியாசத்தைவிடப் பெரிய முன்னேற்றம் உங்கள் குறியில் தெரியும்.