கை பற்றிய கை

தஞ்சைப் பெரிய கோயிலின் 216 அடி விமானத்தைப் பார்க்கப் பின்னுக்கு நகர்ந்து அண்ணாந்து நிற்க வேண்டும். அதற்கு அருகிலேயே, சிவகங்கைக் குளத்தை ஒட்டி நிற்கும் சுவார்ட்ஸ் ஆலயத்தில் கிட்டே போய் நிற்க வேண்டும். 1779-இல் எழுந்த சின்னஞ்சிறு ஆலயம். அதன் செல்வமெல்லாம் ஒரே ஒரு வெள்ளைச் சலவைக்கல்லில் இருக்கிறது.

அதில் செதுக்கிய காட்சி இது: கட்டிலில் கிழவர் ஒருவர் சாயும் நேரம். அவர் 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சுவார்ட்ஸ் ஐயர். பின்னால் சக போதகர் கெரிக்கே ஐயர் நிற்கிறார்; அருகே பள்ளிச் சிறுவர்கள். குனிந்து கிழவரின் கையைப் பற்றியிருப்பவர் தஞ்சை மன்னர் சரபோஜி. தந்தை போல் தம்மைக் காத்தவருக்காக இந்தக் கல்லைச் செய்வித்தவரும் அவரே.

செதுக்கியவர் லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன். 1787 முதல் ஏழாண்டுகள் ரோமில் தங்கிப் பழங்காலச் சிற்பங்களைக் கற்றவர். அந்தப் படிப்பு இங்கே தெரிகிறது: அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. துணி மடிப்புகள் அமைதியாக இறங்குகின்றன. துயரம் முழுவதையும் இரண்டு கைகளில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

அந்தக் கிழவரின் கை எப்படிப்பட்டது என்று தஞ்சை உழவர்களுக்குத் தெரியும். ஹைதர் அலியின் படையெடுப்பில் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தது, ஏற்றிவர மாடு இல்லை. முன்பு கொடுத்ததற்கே கூலி வராததால், அரசின் பேச்சை நம்பி மாடு தர ஒருவரும் முன்வரவில்லை. 'பணத்துக்கு நான் பொறுப்பு' என்றார் சுவார்ட்ஸ். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடி கூலியையும் கொடுத்தார்.

இதை அறிந்தபின் சிற்பத்தைப் பாருங்கள். சரபோஜி கடைசிவரை தம் குலத்தின் சமயத்திலேயே வாழ்ந்தவர். சுவார்ட்ஸ் கடைசிவரை தம் வேதத்தைப் போதித்தவர். ஒருவர் மற்றவராக மாறவில்லை. கை மட்டும் விடவில்லை. 1798 பிப்ரவரி 13-இல் ஐயர் கண்மூடினார்.

தஞ்சையையே பார்த்திராத சிற்பிக்கு 80,000 கலத்தின் கதை தெரிந்திருக்குமோ, இல்லையோ. ஆனால் ஊரே நம்பிய அந்தக் கையைத்தான் அவருடைய உளி கல்லின் நடுவே வைத்திருக்கிறது.